சாத்தம் கமிஷனர்: மெட்வே ஆற்றங்கரை நாட்குறிப்பு

திங்கள்

லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் வேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் சாத்தம் வந்துவிடுகிறது. கென்ட் பகுதியில், மெட்வே ஆறு கடலை நெருங்கும் இடத்தில், ரோசெஸ்டர், சாத்தம், ஜில்லிங்ஹம் என மூன்று ஊர்கள் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. ஜில்லிங்ஹமில் சித்தி மகன் குடும்பம் இருக்கிறது. தங்கல் அங்கேதான்.

இங்கே வந்ததன் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் கடற்படை என்றதும் நமக்கு நெல்சன் ஞாபகம் வருவார், டிரஃபால்கர் வரும், விக்டரி கப்பல் வரும். அந்தக் கப்பலைக் கட்டி, கயிறு பூட்டி, பாய் மாட்டி, பீரங்கி ஏற்றிக் கடலுக்கு அனுப்பிய இடத்துக்கு யார் தலைவர்? அப்படி ஒருவர் இருந்தார். சாத்தம் டாக்யார்டின், அதாவது அரசாங்கக் கப்பல் கட்டும் தளத்தின், கமிஷனர். 1630-களில் தொடங்கிய பதவி அது. 1832-இல் சூப்பரின்டெண்டென்ட் என்று பெயர் மாறியது, 1971-இல் போர்ட் அட்மிரல் ஆனது, 1984-இல் டாக்யார்டோடு சேர்ந்து மூடப்பட்டது. சுமார் 350 வருஷம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பற்றிச் சில வருஷமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துவந்தேன். அவர்கள் நடந்த இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

மாலையில் நுழைவாயிலை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். 1722-இல் கட்டி முடித்த செங்கல் வாசல். இரண்டு பக்கமும் சதுரக் கோபுரங்கள், நடுவில் வளைவு, வளைவுக்கு மேலே வர்ணம் பூசிய அரச முத்திரை. கோட்டை வாசல் போலத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே இருக்கிற எதிரிக்காக மட்டும் இதைக் கட்டவில்லை. உள்ளே இருக்கிற மரமும் செம்பும் கயிறும் வெளியே போகாமல் காப்பதும் இந்த வாசலின் வேலை.

மரம் வெட்டும்போது விழும் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போகும் உரிமை கப்பல் தச்சர்களுக்கு இருந்தது. அடுப்புக்கு விறகு என்று ஆரம்பித்த பழக்கம். போகப்போக, நல்ல பலகையையே மூன்றடித் துண்டாக அறுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். கப்பலுக்குச் செலவான மரத்தைவிட ஊருக்குள் போன மரம் அதிகம் என்று மேலிடம் புலம்பாத தலைமுறை இல்லை. ஒவ்வொரு கமிஷனரும் இதைத் தடுக்கப் பார்த்தார். தச்சர்கள் வேலையை நிறுத்தினார்கள். கடைசியில் 1801-இல்தான் மரத்துண்டுக்குப் பதில் காசு என்று முடிவானது. அந்தத் தச்சர்களை நான் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். கூலியை மாதக்கணக்கில் இழுத்தடித்துக் கொடுத்த அரசாங்கம் அது. விறகாவது கையில் கிடைக்கிறதே என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

செவ்வாய்

இன்று முழுக்கக் கமிஷனர் வீடு.

வாசலைத் தாண்டி உள்ளே நடந்தால் வலதும் இடதுமாகச் செங்கல் கட்டடங்கள். கிடங்குகள், அலுவலகங்கள், 1722-க்கும் 1731-க்கும் இடையில் கட்டிய பன்னிரண்டு வீடுகள் கொண்ட அதிகாரிகள் வரிசை. அவற்றுக்கு நடுவே, மதில் சூழ்ந்த தோட்டத்தோடு, 1704-இல் கட்டிய கமிஷனர் வீடு. இங்கிலாந்தில் உருக்குலையாமல் நிற்கும் கடற்படைக் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். ஜார்ஜ் செயின்ட் லோ என்ற கேப்டன் 1703-இல் கமிஷனராக வந்தார். ஏற்கெனவே இருந்த வீடு என் தகுதிக்குப் போதாது என்று கேட்டுப் புது வீடு கட்டிக்கொண்டார். படிக்கட்டுக்கு மேலே உட்கூரை முழுக்க ஓவியம், கடல் தேவர்களும் போர்த் தேவர்களும் கூடியிருக்கிறார்கள். பின்னால் படிப்படியாக இறங்கும் தோட்டம், அதில் நூற்றாண்டுகள் கண்ட ஒரு முசுக்கட்டை மரம். கிளைகளுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

வீட்டைப் பார்த்தால் இங்கே இருந்தவர் இந்த இடத்தின் ராஜா என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. இந்தப் பதவியைப் பற்றி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே அதுதான்.

அன்றைய கடற்படை நிர்வாகத்தில் இரண்டு அடுக்கு. போர் எங்கே, கப்பல் எங்கே போக வேண்டும், யார் கேப்டன் என்று முடிவு செய்வது அட்மிரால்டி. கப்பலைக் கட்டுவது, பழுது பார்ப்பது, சரக்கு வாங்குவது, கூலி கொடுப்பது எல்லாம் கடற்படை வாரியம். வாரியத்தின் அலுவலகம் லண்டனில். அதன் உறுப்பினர் ஒருவர் சாத்தமிலேயே குடியிருந்து கவனிப்பார். அவர்தான் கமிஷனர்.

அவருக்குக் கீழே தலைமைக் கப்பல் தச்சர், துறைமுக மாஸ்டர், சரக்குக் காப்பாளர், கணக்கர் என்று பெரிய அதிகாரிகள். கீழே என்று சொன்னாலும் இவர்கள் ஒவ்வொருவரும் லண்டன் வாரியத்திடமிருந்தே நேராக நியமனம் பெற்றவர்கள். உத்தரவும் அங்கிருந்தே நேராக வரும். கமிஷனர் பார்க்கலாம், கேட்கலாம், புகார் எழுதலாம். தலைமைத் தச்சர் மாட்டேன் என்றால் அதற்கு மேல் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆற்றில் நிற்கும் போர்க்கப்பலின் கேப்டன் மீதும் அவருக்கு அதிகாரம் கிடையாது. அந்தக் கேப்டன் அட்மிரால்டியின் ஆள். ஆனால் கப்பல் நேரத்துக்குப் புறப்படவில்லை என்றால் கேள்வி இவரிடம் வரும். சாவிக் கொத்து ஒருத்தி இடுப்பில், அரிசி ஏன் குறைந்தது என்று கேட்பது இன்னொருத்தியை என்று இருக்கும் வீட்டு நிலைமைதான்.

இன்னொன்றும் உண்டு. கமிஷனர் வேலை சிவில் வேலை என்றுதான் கணக்கு. கடலில் போரிட்ட கேப்டன் இந்த நாற்காலிக்கு வந்துவிட்டால், பொதுவாக அட்மிரல் ஆகும் வரிசையிலிருந்து விலகிவிட வேண்டும். காயம்பட்டவர்கள், வயதானவர்கள், குடும்பத்தோடு இருக்க விரும்பியவர்கள் வந்தார்கள். நல்ல சம்பளம், பெரிய வீடு, தோட்டம் எல்லாம் கிடைத்தன. கடல் போய்விட்டது.

தோட்டத்துப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தினமும் லண்டனுக்குப் போன கடிதங்களை நினைத்துக்கொண்டேன். மரம் போதவில்லை, சணல் வரவில்லை, கூலி பாக்கி, தச்சர்கள் முணுமுணுக்கிறார்கள், தயவுசெய்து பணம் அனுப்புங்கள். இருநூறு வருஷம் இதே கடிதத்தைத்தான் வெவ்வேறு கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.

புதன்

காலையில் ஆற்றின் அக்கரைக்குப் போனேன், அப்னர் கோட்டைக்கு. எலிசபெத் ராணி காலத்தில், 1559-இல் தொடங்கி, சாத்தமில் நங்கூரமிட்ட கப்பல்களைக் காக்கக் கட்டிய கோட்டை. மரவேலைப்பாடு உள்ள பழைய வாசல், ஆற்றுக்குள் கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும் பீரங்கி மேடை. மேடையின் முனையில் நின்றால் எதிர்க்கரையில் டாக்யார்டு முழுதும் தெரிகிறது. 1667 ஜூனில் என்ன நடந்தது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, இந்த முனையில் நின்று ஆற்றின் அகலத்தைக் கண்ணால் அளப்பது வேறு. இவ்வளவு குறுகலான ஆறா என்று இருந்தது.

பெட் குடும்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டியவர்கள். தேம்ஸிலும் மெட்வேயிலும் இருந்த அரச டாக்யார்டுகளில் எங்கு பார்த்தாலும் ஒரு பெட் இருப்பார். ஃபினியாஸ் பெட், சாத்தமின் முதல் கமிஷனர். அதற்கு முன்பே, 1609-இல், மட்டமான மரத்தைப் போட்டுக் கப்பல் கட்டுகிறார் என்று அவர் மீது குற்றச்சாட்டு வந்தபோது, ஜேம்ஸ் மன்னரே வூல்விச்சுக்கு வந்து உட்கார்ந்து விசாரித்து விடுவித்தார். அவருடைய மகன் பீட்டர் பெட் அடுத்துக் கமிஷனர் ஆனார். குரோம்வெல் காலத்திலும் அவர்தான், மன்னராட்சி திரும்பிய பிறகும் அவர்தான். உறவினர்களுக்கெல்லாம் வேலை வாங்கிக் கொடுத்தார் என்ற பேச்சு உண்டு, அதில் உண்மையும் உண்டு.

1667-இல் இங்கிலாந்துக்கும் டச்சுக்காரர்களுக்கும் போர். இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் பணம் இல்லை. பிரெடா நகரில் சமாதானப் பேச்சு நடக்கிறது, எப்படியும் போர் முடிந்துவிடும் என்று பெரிய கப்பல்களை மெட்வேயில் கட்டிப்போட்டு ஆட்களை இறக்கிவிட்டார்கள். மாலுமிகளுக்குக் கூலி காசாகக் கிடைக்கவில்லை. பிறகு தருவோம் என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைப் பாதி விலைக்கு விற்றுத்தான் பிள்ளைகளுக்குச் சோறு. டாக்யார்டு தச்சர்களுக்கும் கூலி பாக்கி.

டி ரய்ட்டர் தலைமையில் டச்சுக் கப்பற்படை வந்தது. அன்றைய இங்கிலாந்து நாட்காட்டிப்படி ஜூன் 10-இல் ஆற்றின் வாயில் இருந்த ஷீர்னெஸ் கோட்டை விழுந்தது. ஜில்லிங்ஹம் அருகே ஆற்றின் குறுக்கே ஒரு இரும்புச் சங்கிலி கட்டியிருந்தார்கள். ஜூன் 12-இல் அதுவும் போயிற்று. படையின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்றான ராயல் சார்லஸ், 1660-இல் மன்னரை நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்த அதே கப்பல், ஆளில்லாமல் கிடந்தது. ஒரு படகில் வந்த சிலரே அதைப் பிடித்துவிட்டார்கள். மறுநாள் இந்த அப்னர் கோட்டையைத் தாண்டி வந்து ராயல் ஜேம்ஸ், லாயல் லண்டன், ராயல் ஓக் மூன்றையும் கொளுத்தினார்கள். ராயல் ஓக் கப்பலில் ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் என்ற கேப்டன் இறங்க மறுத்து அங்கேயே செத்தார். டச்சுக் கப்பல்களிலிருந்து ஆங்கிலக் குரல்களே கேட்டனவாம். நேற்றுவரை சீட்டுக்குச் சண்டை போட்டோம், இன்று காசுக்குப் போடுகிறோம் என்று கத்தினார்கள் என வாரியத்தின் எழுத்தர் சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இந்தப் போர் முழுவதிலும் என் மனதை அதிகம் உலுக்கியது இந்தச் செய்திதான்.

காக்க வந்த ஆல்பெமார்ல் பிரபு சொன்ன கணக்கு இது: டாக்யார்டில் 800 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 12 பேர்தான் இருந்தார்கள். முப்பது படகுகளில் பத்துதான் இருந்தன, மற்றவை அதிகாரிகளின் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. அதில் ஒன்றில் போனது பீட்டர் பெட்டின் கப்பல் மாதிரிகள்.

பெட்டை லண்டன் டவரில் அடைத்தார்கள். விசாரணையில் மாதிரிகளைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன பதில்: டச்சுக்காரர்கள் கையில் அந்த மாதிரிகள் கிடைத்திருந்தால் கப்பல்களைவிட அவர்களுக்கு அதுதான் பெரிய லாபம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரைபடத்தைவிடக் கண்ணையும் கையையும் நம்பிக் கப்பல் கட்டிய காலம் அது. ஒரு குடும்பம் பல தலைமுறையாகச் சேர்த்த அறிவு அந்த மர மாதிரிகளில் இருந்தது. அவற்றைக் காப்பாற்ற நினைத்தது ஒரு கப்பல் தச்சனின் மனசு. போருக்குத் தவிர வேறு எதற்கும் படகைக் கொடுக்கக் கூடாத நேரத்தில் அதற்குக் கொடுத்தாரா என்பது வேறு கேள்வி. ராயல் சார்லஸை மேலே இழுத்துவந்து நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே உத்தரவு வந்தும் அவர் செய்யவில்லை. அந்தத் தவறை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூலி கொடுக்காதது யார்? படையைக் கலைத்தது யார்? கோட்டைக்கு வெடிமருந்தும் குண்டும் போதாமல் விட்டது யார்? ஆண்ட்ரூ மார்வெல் என்ற கவிஞர், எந்தக் குற்றத்தை எடுத்தாலும் விடை பெட் என்றே வரும்படி அந்த நாட்களைக் கேலி செய்து அடி அடியாக அடுக்கியிருக்கிறார். நாட்டுக்கே தெரிந்திருந்தது, ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டுகிறார்கள் என்று.

பதவி போயிற்று. நாடாளுமன்றக் குற்ற விசாரணை பேச்சோடு நின்றது. சில வருஷத்தில் இறந்துபோனார். ராயல் சார்லஸின் பின்புற முத்திரைச் சிற்பம் இன்றும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் மாட்டியிருக்கிறது.

மதியத்துக்கு மேல் கரையோரமாக நடந்து காக்கம் வுட் கோட்டையின் இடிபாடுகளைப் பார்த்தேன். அடி வாங்கிய பிறகு, 1669-இல், அவசரமாகக் கட்டியது. செங்கல் சரிந்து சேற்றில் கிடக்கிறது. பெட்டுக்குப் பின் கமிஷனராக வந்தவர்களில் ஜான் காக்ஸ் மறுபடி கடலுக்குப் போய், 1672-இல் சோல்பே போரில் குண்டடிபட்டு இறந்தார்.

வியாழன்

கயிற்றுக்கூடம். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது.

1,128 அடி நீளம். 1786-க்கும் 1791-க்கும் இடையில் கட்டியது. உள்ளே நின்றால் எதிர்முனை ஒரு புள்ளியாகத் தெரிகிறது. பாய்மரக் கப்பலின் நங்கூரக் கயிற்றை ஒட்டுப்போடாமல் ஒரே நீளத்தில் முறுக்க வேண்டும், அதனால் கட்டடம் இப்படி. ரஷ்யப் பக்கமிருந்து பால்டிக் கடல் வழியே வந்த சணலைச் சீவி, நூலாக நூற்று, தாரில் முக்கி, இழைகளாக்கி, கடைசியில் இந்தத் தளத்தில் முறுக்கினார்கள். நீராவி வருவதற்கு முன்பு பெரிய கயிறுக்கு ஆட்கள் கூட்டம் கூட்டமாக நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். திருட்டைக் கண்டுபிடிக்க, அரசாங்கக் கயிறுக்குள் ஒரு நிற நூலைச் சேர்த்து முறுக்குவார்கள், ஒவ்வொரு டாக்யார்டுக்கும் ஒரு நிறம். இன்றும் இங்கே கயிறு முறுக்குகிறார்கள், விற்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். இழைகள் ஒன்றை ஒன்று இறுக்கிக்கொண்டு நடுவில் அதிர்ந்தது கைக்குத் தெரிந்தது.

இந்தக் கூடம் எழுந்தது சார்லஸ் ப்ரோபி கமிஷனராக இருந்தபோது. 1771-இல் வந்தவர், 1799-இல் இறக்கும் வரை அவர்தான். 28 வருஷம்! அமெரிக்கப் போர், பிரெஞ்சுப் புரட்சிப் போர் இரண்டையும் இந்த நாற்காலியிலிருந்து பார்த்தவர். 1798-இல் இங்கே நீரில் இறங்கிய டெமெரேர் கப்பலும் அவர் காலத்தது. அவர் பெயரை லண்டனில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பக்கத்தில் சக்கரத் தச்சர் பட்டறை. 1995-இல் அதன் தரைப்பலகையைப் பெயர்த்தபோது கீழே ஒரு கப்பலின் எலும்புக்கூடு வரிசையாக அடுக்கிக் கிடந்தது. 1756-இல் இதே சாத்தமில் கட்டிய நாமூர். அடிமையாக விற்கப்பட்டு, பின்னாளில் அடிமை வியாபாரத்தை எதிர்த்து எழுதிய ஒலாடா இக்வியானோ, சிறுவனாக அந்தக் கப்பலில் 1759 லாகோஸ் போரில் இருந்தவர். கப்பலைப் பிரித்தவர்கள் மரங்களைத் தரைக்கு அடியில் ஒழுங்காகப் பரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். கூரையிலிருந்து தொங்கும் விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கருத்த ஓக் மரங்களைத் தொடும் தூரத்தில் பார்க்கலாம்.

இரவு சாப்பிடும்போது சித்தி மகனிடம் ஒன்று சொன்னேன், அவன் நம்பவில்லை. "மெட்ராஸிலயும் இந்த மாதிரி கமிஷனர் இருந்தாராண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டான். இருந்தார். இங்கிலாந்து டாக்யார்டுகளில் இருந்தது போலவே, தூர தேசத்துக் கடற்படைத் தளங்களிலும் வாரியம் கமிஷனர்களை வைத்திருந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஜார்ஜ் வான்கூவர் என்ற கேப்டனோடு ஆய்வுப் பயணம் போன பீட்டர் ப்யூஜெட், அங்கே ஒரு கடல் நுழைவுக்கே ப்யூஜெட் சவுண்ட் என்று இவர் பெயரை வைத்தார்கள், 1810-களில் மெட்ராஸில் கடற்படைக் கமிஷனர். சரக்குக் கொள்முதலில் நடந்த ஊழலோடு மல்லுக்கட்டினார். திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தைத் திட்டமிட்டுக் கட்டும் வேலையையும் பார்த்தார். நம் பக்கத்து வெயிலில் உடம்பு கெட்டுப்போய் ஊர் திரும்பி, 1822-இல் இறந்தார். மெட்ராஸுக்குத் துறைமுகமே இல்லாத காலம் அது. திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கு மசூலாப் படகில் சரக்கு ஏற்ற வேண்டும். வங்கக் கடலில் புயல் பருவம் வந்தால் கப்பல் ஒதுங்க திருகோணமலையை விட்டால் நல்ல இடம் இல்லை. அதை அவர்கள் அங்கே தளம் போட்டதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

வெள்ளி

மழை. பெரும்பாலும் கூரைக்கு அடியில்தான்.

மூன்றாம் எண் சாய்தளத்தின் கூரை 1838-இல் போட்டது. கப்பல் கட்டும்போதே மரம் மழையில் நனைந்து உளுத்துப்போகாமல் இருக்க, கப்பலுக்கு மேலேயே ஒரு பெரிய மரக்கூரை. மேல்மாடியில் ஏறி நின்று பார்த்தேன். கவிழ்த்துவைத்த கப்பலின் உட்புறம்தான். கப்பல் தச்சர்களிடம் கூரை போடச் சொன்னால் வேறு எப்படிப் போடுவார்கள்!

இந்தக் கூரை எழுவதற்கு முன்பே கமிஷனர் என்ற பதவி போய்விட்டது. நெப்போலியன் போர்க் காலத்தில் கமிஷனருக்குக் கொஞ்சம் அதிகாரம் கூட்டிக் கொடுத்திருந்தார்கள், கீழ் அதிகாரிகளுக்கு உத்தரவு போடலாம் என்று. 1808 முதல் 1823 வரை இருந்த ராபர்ட் பார்லோ அந்தப் புது நிலைமையில் வேலை செய்தவர். 1832-இல் அட்மிரால்டியின் தலைவராக இருந்த சர் ஜேம்ஸ் கிரஹாம் கடற்படை வாரியத்தையே கலைத்து எல்லாவற்றையும் அட்மிரால்டியின் கீழ் கொண்டுவந்தார். டாக்யார்டுக்கு இனி சூப்பரின்டெண்டென்ட். பணியில் உள்ள கடற்படை அதிகாரி, சீருடை போட்டவர், உத்தரவு போட்டால் நடக்க வேண்டும். முதலில் கேப்டன்கள், பிறகு ரியர் அட்மிரல்கள்.

சாத்தமின் முதல் சூப்பரின்டெண்டென்ட் ஜேம்ஸ் அலெக்சாண்டர் கோர்டன். 1811-இல் ஏட்ரியாடிக் கடலில் நடந்த சண்டையில் ஒரு காலை இழந்தவர். மரக்காலோடு இந்தக் கல் பாவிய தளங்களில் 1837 வரை நடந்தார்.

பெயரும் அதிகாரமும் மாறியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. இப்போது வேறு சிக்கல். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அட்மிரல் மாறிவிடுவார். இரும்பு, நீராவி, கவசத் தகடு என்று தொழில் தலைகீழாக மாறிக்கொண்டிருக்கிறது. ப்ரோபி மாதிரி ஒரே இடத்தில் இருந்து ஊரையும் ஆட்களையும் தெரிந்துகொள்ள அவகாசம் இல்லை. அப்படியிருந்தும், விக்டரி 1765-இல் நீரில் இறங்கிய அதே இடத்தில், 1863-இல் அகில்லீஸ் என்ற இரும்புப் போர்க்கப்பலை மிதக்கவிட்டார்கள். அரச டாக்யார்டு ஒன்றில் கட்டிய முதல் இரும்புப் போர்க்கப்பல். மரம் செதுக்கிய கைகளுக்கு இரும்பு பழக்கிவிட்டார்கள். அந்த இடம் ஓர் உலர்துறை, நீரை வடித்துவிட்டுக் கப்பல் கட்டும் தொட்டி. இப்போது அதில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து காவலியர் கப்பல் நிற்கிறது.

மழை விட்டதும் செயின்ட் மேரி தீவுக்குப் போனேன். 1862 முதல் 1885 வரை, கப்பல்கள் நிற்க மூன்று பெரிய நீர்த்தேக்கங்களைத் தோண்டி டாக்யார்டைப் பல மடங்கு பெரிதாக்கினார்கள். மண் சுமந்தவர்களில் பெரும் பகுதி கைதிகள். இப்போது அங்கே புது வீடுகள், படகுத்துறை, கடைகள். அந்தக் கைதிகளைப் பற்றி ஒரு வரியாவது எங்கேனும் எழுதியிருக்கிறதா என்று தேடிக்கொண்டே நடந்தேன். என் கண்ணில் எதுவும் படவில்லை.

சனி

கடைசிச் சுற்று. ஓசிலட் நீர்மூழ்கிக்குள் போனேன். 1962-இல் நீரில் இறங்கியது, பிரிட்டிஷ் கடற்படைக்காகச் சாத்தமில் கட்டிய கடைசிக் கப்பல். 1908-இலிருந்து இங்கே 57 நீர்மூழ்கிகள் கட்டினார்கள். கடைசியாகக் கனடாவுக்காக ஒகனாகன், 1966-இல். உள்ளே வட்டத் துளைகள் வழியாக உடம்பை மடக்கி நுழைய வேண்டும். அடுக்குப் படுக்கைக்கும் டார்பிடோவுக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி. இதற்குள் எழுபது பேர் வரை வாரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

1961-இல் பக்கத்திலிருந்த நோர் கடற்படைத் தலைமையகம் கலைக்கப்பட்டபோது சாத்தம் அட்மிரலின் பொறுப்பில் மெட்வே பகுதி முழுதும் வந்தது. 1968-இல் அணுசக்தி நீர்மூழ்கிகளைப் பழுது பார்க்கும் வசதி. இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று ஊர் நினைத்தது. 1971-இல் பதவிக்குப் போர்ட் அட்மிரல் என்று பெயர் மாற்றினார்கள். 1981 ஜூன் 25 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் சாத்தமை மூடப்போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். தென் அட்லாண்டிக்கில் இருந்த எண்டியூரன்ஸ் கப்பலைத் திரும்பப் பெறுவதும் அதே திட்டத்தில் இருந்தது.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஃபாக்லாந்து போர். வேலை போகப்போகிறது என்று தெரிந்த தொழிலாளர்கள் இரவு பகலாகக் கப்பல்களைத் தயார் செய்தார்கள். 1982 ஆகஸ்டில் எண்டியூரன்ஸ் சாத்தமுக்கே திரும்பி வந்தது, ஊர் திரண்டு கரையில் நின்றது. முடிவு மாறவில்லை. 1984 மார்ச் 31 அன்று டாக்யார்டு மூடப்பட்டது. சுமார் 7,000 பேருக்கு வேலை போயிற்று.

இங்கே வழிகாட்டியாக இருக்கும் ஒரு பெரியவர் அன்று எலக்ட்ரீஷியன். பயிற்சி மாணவராகப் பதினைந்து வயதில் நுழைவாயில் வழியே வந்தவர். கடைசி அட்மிரலைப் பற்றிக் கேட்டேன். "அவர் என்ன செய்வார், அவருக்கும் லண்டனிலிருந்துதான் கடிதம் வந்தது" என்றார். அவரிடம் பீட்டர் பெட்டைப் பற்றியும் பேசினேன். ஆண்டாண்டுகளாகப் பார்வையாளர்களுக்குச் சொல்லிப் பழகிய கதைதான் என்றாலும், கூலி பாக்கியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது. பெட் செய்தது தப்பு, ஆனால் தண்டனை தப்பான ஆளுக்கு என்பது அவர் தீர்ப்பு. எனக்கும் அதுதான்.

கமிஷனர் வீட்டை இப்போது கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இன்று ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்ததால் தோட்டத்துக்குள் விடவில்லை. பார்க்க வருகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். கயிற்றுக்கூடத்துக்குக் காலையிலேயே நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள், மதியத்துக்குள் இடம் தீர்ந்துவிடுகிறது. அப்னருக்கு ஒரு தனி அரை நாள் கட்டாயம் ஒதுக்குங்கள்.

நாளை வடக்கே ஹார்ட்டில்பூலுக்கு ரயில். 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டிய ஒரு கப்பல் அங்கே இன்னும் தண்ணீரில் மிதக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமலி. திருகோணமலைதான்.